முரசுநாட்டின் குறுக்கே

பெங்களூரிலிருந்து ஓசூர் போகிறவர்கள் பொம்மனஹள்ளியில் வலப்பக்கம் திரும்பிப் பேகூர் ஏரிக்கரைக்குப் போவது வழக்கமில்லை. நெரிசலுக்குள் இன்னொரு நெரிசலுக்கு யார் போவார்கள்? ஆனால் ஓசூரைப் பார்க்கக் கிளம்பிய நான் முதலில் அங்கேதான் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் நாகேஸ்வரர் கோயிலில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்ட ஒரு நடுகல் ‘பெங்களூர்ப் போர்’ என்று சொல்கிறது. அந்த நகரத்தின் பெயர் கல்லில் கிடைத்த மிகப் பழைய இடம் அதுதான்.

என்னை இழுத்தது அந்தக் கல்லின் கூட்டாளி. அதே பேகூரில் கிடைத்து, இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெரிய போர்க்கல். கங்க அரசன் எரெயப்பன் காலத்துக் கல். யானைகள் மோதிய போரில் நாகத்தரன் என்ற தலைவன் மாண்டான். அதன்பின் எரெயப்பன் இருகன் என்பவனுக்கு ‘பெம்பூர்-12’ என்ற பகுதியை அளித்தான். பெம்பூர் என்பது பேகூர். பன்னிரண்டு என்பது அதோடு சேர்ந்த ஊர்களின் கணக்கு. அந்த ஊர்ப் பெயர்களையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஒரு மனிதன் செத்ததற்குச் சாட்சியான கல்லே பட்டாவாகவும் இருக்கிறது.

அந்தக் காலத்து நில அலகுகளுக்கு எண்ணை வாலாகக் கட்டுவது தக்காணத்து வழக்கம். கங்கவாடி 96000, நுளம்பபாடி 32000, வனவாசி 12000. பெம்பூரின் பன்னிரண்டு ஊர்களை எண்ணிவிடலாம். தொண்ணூற்றாறாயிரம் எதை எண்ணியது? ஊர்களையா, வரி வருவாயையா, போருக்கு அனுப்ப வேண்டிய ஆட்களையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். இங்கிலாந்திலும் மாவட்டத்துக்குள் ‘ஹண்ட்ரட்’ என்று ஓர் அலகு இருந்தது. நூறு என்றே பெயர். அதன் மேற்கு எல்லைக்கு அப்பால் வேல்ஸ்காரர்கள் வைத்திருந்த ‘கான்ட்ரெவ்’ என்பதும் நூறு குடியிருப்புகளைக் குறித்ததுதான். எதை நூறு என்று எண்ணினார்கள் என்பதில் அங்கும் ஒருமித்த முடிவு இல்லை. ஆட்சி எண்ணிக்கையில் தொடங்குகிறது. நாளடைவில் எண்ணியது எது என்பது மறந்து எண் மட்டும் பெயராக நின்றுவிடுகிறது.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜூவாடி. மாநில எல்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகளின் லாரி வரிசை மறைந்துவிட்டது. இப்போது எல்லையை அறிவிப்பவை பலகைகளின் எழுத்தும் பேருந்துகளின் நிறமும்தான். காலை வேலைமுறை மாறும் நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகள் இரண்டு பக்கமும் ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. இங்கே தூங்கி அங்கே வேலை செய்கிறவர்கள், அங்கே தூங்கி இங்கே வேலை செய்கிறவர்கள். சிப்காட் வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பின்னாலேயே டைட்டனும் வந்தபிறகு ஓசூர் இரண்டு மாநிலங்களின் வேலைத்தலமாகிவிட்டது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. சிப்காட் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று எண்ணிட்டு வழங்கும் இடப்பெயர்களைப் பார்த்தபோது பெம்பூர்-12 நினைவுக்கு வந்தது. எண்ணைக் கட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை.

ஓசூரின் நடுவே எழும் குன்றின்மேல் சந்திரசூடேஸ்வரர் கோயில். கீழே நகரம் நான்கு திசையும் பரவிக் கிடக்கிறது: தொழிற்சாலைக் கூரைகள், ரோஜாப் பண்ணைகளின் வெள்ளைப் பாலித்தீன் கூடாரங்கள், அவற்றுக்கிடையே ஏரிகள். கல்வெட்டுகளில் இந்த ஊர் செவிடபாடி. இறைவன் செவிடை நாயனார். ஊர் இருந்த பகுதி முரசுநாடு. 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள் பூர்வாதராயர் என்ற பட்டம் தாங்கிய சிற்றரசர்கள். மேலே போசளர், அதற்கும் முன்னால் சோழர்.

சோழர் வந்தது ராஜராஜன் காலத்தில். 1004 வாக்கில் தலைக்காடு விழுந்ததோடு கங்கர் ஆட்சி முடிந்தது. வென்ற நிலத்துக்கெல்லாம் அரசனின் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிச் சோழ மண்டலம் ஆயிற்று. தனக்கு நிகர் இல்லாத சோழன் என்பது ராஜராஜனின் பட்டங்களில் ஒன்று. மண்டலத்துக்குக் கீழே வளநாடு. அதற்கும் அரசர் பெயர்தான். அதற்குக் கீழே நாடு. அங்கே வந்ததும் அரசர்களின் பெயர்கள் நின்றுவிடுகின்றன. முரசுநாடு, மாசந்திநாடு, குவளாலநாடு, இலைப்பாக்கநாடு: சோழர் வருமுன்பும் இவை இப்படித்தான் அழைக்கப்பட்டன, போனபின்பும் இப்படித்தான். மேல்தட்டில் வெற்றிகளின் பட்டியல், கீழ்த்தட்டில் ஊர்களின் பட்டியல்.

சோழநாட்டு நாடுகளை ஊர் ஊராகக் குறித்து வரைபடமாக்கிய எ. சுப்பராயலு, நாடு என்பது அரசு கோடு போட்டுப் பிரித்த அலகு அல்ல, உழவர் ஊர்கள் தாமாகக் கூடிய தொகுதி என்று விளக்கினார். அதன் எல்லைகளை ஆறும் வாய்க்காலும் கரட்டு நிலமும் தீர்மானித்தன. காவிரிக்கரைக்குச் சொன்ன அந்த விளக்கம், வாய்க்கால் இல்லாத இந்த மேட்டு நிலத்தில் எப்படிப் பொருந்தும் என்று பார்க்க மலையிலிருந்து இறங்கிப் பாகலூர்ச் சாலையில் போனேன்.

இங்கே வாய்க்காலின் வேலையை ஏரிகள் செய்கின்றன. ஓர் ஏரி நிரம்பி அடுத்ததுக்கு வழிகிறது, அது நிரம்பி அதற்கடுத்ததுக்கு. மேல் ஏரிக்காரன் மதகை அடைத்தால் கீழ் ஏரிக்காரன் தரிசு போட வேண்டியதுதான். இப்படித் தண்ணீரால் கட்டுண்ட ஊர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் பிழைக்க முடியாது. கல்வெட்டுகளில் ‘நாட்டார்’ என்று கூடிக் கையெழுத்திடும் கூட்டத்தை இந்தக் கரைகளில் நின்று கற்பனை செய்வது எளிது.

பேரிகைக்குப் போகும் வழியில் ஓர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ராகிக் கதிர் உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் அத்திமுகத்துக்கு வழி கேட்டேன். வழி சொல்லிவிட்டு, எந்த ஜில்லா என்று என்னை விசாரித்தார். பிறகு தன் ஜில்லாக் கதையைச் சொன்னார்.

“நான் பொறந்தது சேலம் ஜில்லா சார். கல்யாணம் ஆனது தருமபுரி ஜில்லாவுல. இப்ப பென்ஷன் வாங்குறது கிருஷ்ணகிரி ஜில்லா. வீடு என்னமோ அதே வீடுதான்.”

“சொந்தக்காரங்கல்லாம் இந்தப் பக்கம்தானா?”

“பொண்ணக் குடுத்தது மாலூரு. மருமக வந்தது ஆனேக்கல்லு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு எங்களுக்கு ஏது சார்?”

1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. கோடுகள் அவர் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. ஆனால் அவர் பெண் கொடுத்து எடுத்த வட்டம் மாலூர், ஆனேக்கல், பேரிகை. அது எந்த மாவட்டமும் இல்லை. பழைய நாடுகளின் வட்டம் அது. பெங்களூர், கோலார் பக்கம் மொரசு ஒக்கலிகர் என்று ஒரு பெரிய உழவர் சமூகம் இருக்கிறது. பெங்களூரைக் கட்டிய கெம்பே கவுடர் அந்தச் சமூகத்தவர். அவருக்கு இன்றைக்கும் வழங்கும் பட்டம் ‘எலஹங்க நாடப் பிரபு’. எலஹங்க நாடு என்பது சோழர் கல்வெட்டுகளின் இலைப்பாக்க நாடுதான். தோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்தப் பெயரைக் காணலாம். ஒரு நாடு சாதிப் பெயரில் தங்கியிருக்கிறது, இன்னொன்று பெங்களூர் விமான நிலையத்து வாசலில் சிலையாக நிற்பவரின் பட்டத்தில் தங்கியிருக்கிறது. இன்றைய வருவாய்த்துறை வரைபடத்தில் இரண்டும் இல்லை.

அத்திமுகத்தில் ஐராவதேஸ்வரர் கோயில் அமைதியாக இருந்தது. பூர்வாதராயர்களின் காலம் இங்கேயும் கல்லில் இருக்கிறது. தஞ்சையின் அளவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இது எல்லைப்புறத்துச் சிற்றரசர்களின் கோயில்; கருங்கல்லில் அடக்கமான வேலை. சுற்றிலும் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஊர்கள். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. அன்றைக்கு ஆட்சியின் மொழி ஒன்று, அடுப்படியின் மொழி இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பேரிகையிலிருந்து சூளகிரிக்கு வரும்போது மலைகள் நெருங்கி வருகின்றன. பாகலூர், பேரிகை, சூளகிரி, அங்குசகிரி என்று இந்தச் சாலையில் வரும் ஊர்ப் பெயர்கள் எல்லாம் பாளையங்களின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாளையக்காரர், ஒரு சிறு கோட்டை, சில கணவாய்களின் காவல். விஜயநகரமோ மைசூரோ, மேலே யார் இருந்தாலும் அவருக்குக் கப்பம், படைக்கு ஆள். மற்றபடி தன் மலைக்குத் தானே ராஜா.

இதே ஏற்பாட்டை இங்கிலாந்து தன் வேல்ஸ் எல்லையில் செய்திருந்தது. 1066க்குப் பின் நார்மானிய அரசர்கள் அந்த எல்லை நிலத்தை ‘மார்ச்’ என்று பிரித்து, பிரபுக்களிடம் விட்டார்கள். விக்மோர் கோட்டையின் மார்ட்டிமர் குடும்பத்தைப் போன்றவர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள், தங்கள் நீதிமன்றம் நடத்தினார்கள், அரசனைக் கேட்காமல் போர் தொடுத்தார்கள். லண்டனிலிருந்து வரும் அரசாணை அங்கே செல்லாது. ஒரே பிரபுவின் நிலத்தில் ஆங்கிலேயருக்கு ஆங்கிலேய வழக்கம், வேல்ஸ்காரர்களுக்கு அவர்கள் வழக்கம். வென்ற வேல்ஸ் அலகுகளைப் பிரபுக்கள் பெரும்பாலும் கலைக்கவில்லை. கான்ட்ரெவின் உட்பிரிவான ‘கம்வுட்’ அப்படியே ஒரு பிரபுவின் சொத்தானது. முரசுநாடு சோழர் கைக்கும் போசளர் கைக்கும் மாறியதும் அப்படித்தான். எட்டாம் ஹென்றி 1536இல் சட்டம் போட்டு மார்ச் முழுவதையும் மாவட்டங்களாக வெட்டினார். வேல்ஸ் மொழி பேசிய ஓஸ்வெஸ்ட்ரி இங்கிலாந்துப் பக்கம் விழுந்தது. மன்மத்ஷயர் எந்தப் பக்கம் என்ற குழப்பம் 1972இன் உள்ளாட்சிச் சட்டம் வரை நீடித்தது.

ஓசூருக்கும் 1799இல் அதுதான் நேர்ந்தது. அதற்கு முன்னால் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். மலைமேல் இருந்த ஓசூர்ப் பக்கத்தைக் கொடுக்கவில்லை. 1799இல் அவர் வீழ்ந்தபின் நடந்த பங்கீட்டில் ஓசூர் கம்பெனிக்கு வந்தது, ஆனேக்கல் மைசூரிடமே நின்றது. கம்பெனியின் கணக்கில் ஓசூர்ப் பகுதி பாலாகாட், கிருஷ்ணகிரிப் பகுதி பாராமகால், சேலத்துச் சமவெளி தாலாகாட். மலைக்கு மேலே, நடுவே, கீழே என்று மூன்று தட்டு. நிலத்தின் உயரத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். எந்த ஏரி எந்த ஏரிக்கு வழிகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் கோவையிலிருந்து மைசூருக்குப் போயிற்று. ஓசூர் சென்னை மாநிலத்தில் நின்றது. ஜூஜூவாடியில் நான் கடந்த கோடு பல மொழிகள் கலந்த நிலத்தின் குறுக்கே 1799இல் விழுந்த பாகப்பிரிவினைக் கோடுதான்.

பின்னால் ஒரு கலெக்டர் ஓசூரின் குளிர்ச்சியில் மயங்கி, இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டைப் பாணியில் மாளிகை ஒன்றைக் கட்டினார். தளிப் பக்கத்துக்குக் குட்டி இங்கிலாந்து என்ற பெயரும் வந்தது. எல்லை நிலத்துக்கு வந்தவர்கள் எல்லோருமே தங்கள் ஊரை இதன்மேல் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நிகரிலிச் சோழனும் அதைத்தான் செய்தான்.

சூளகிரியிலிருந்து கிழக்கே, வேப்பனப்பள்ளி வட்டாரத்தைத் தேடிப் போனால் சின்னகொத்தூர் வருகிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். இதுதான் குந்தாணி. போசள அரசன் சோமேஸ்வரன் தன் நாட்டை மகன்களுக்குப் பிரித்தபோது மூன்றாம் நரசிம்மனுக்குத் துவாரசமுத்திரமும், ராமநாதனுக்குத் தமிழ்ப் பகுதிகளும் கோலார்ப் பகுதியும் கிடைத்தன. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் இருந்து ஆண்ட ராமநாதன், பாண்டியர் தாக்குதலில் அதை இழந்து இங்கே வந்து தலைநகர் அமைத்தான். இழந்ததற்கு ஈடாக அண்ணன் நிலத்தில் கை வைத்தான். குந்தீஸ்வரர் கோயில் முன்னால் நிற்கும்போது, இது ஓர் அரசின் தலைநகரமாக இருந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. மா காய்த்துக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பெரும்பாலும் கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா ரகம்.

ராமநாதனுக்குப் பின் இந்தப் பங்கு நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் கைக்கு வந்து போசளநாடு மீண்டும் ஒன்றானது. ஒன்றானதும், 1301இல், அவன் ஓர் ஆணை அனுப்பினான். கோயில்களிடமிருந்து வாங்கிவந்த வரிகளை விட்டுக்கொடுத்து, அந்த வருவாயைப் பூசைக்கும் திருப்பணிக்கும் ஆக்கும் ஆணை. அது யாருக்கு எழுதப்பட்டது என்பதில்தான் இந்தப் பயணத்தின் சாரம் இருக்கிறது. குந்தாணி இராச்சியம், விரிவி நாடு, மாசந்தி நாடு, முரசு நாடு, பெண்ணையாண்டார் மட நாடு, குவளால நாடு, கைவார நாடு, இலைப்பாக்க நாடு, இன்னும் சில நாடுகள், இவற்றின் மடங்களுக்கும் கோயில் தானத்தாருக்கும். ஒரே ஆணை, பல பிரதிகள்; பல கோயில்களில் தமிழில் வெட்டப்பட்டது.

அந்தப் பட்டியலை இன்றைய வரைபடத்தில் பொருத்திப் பார்த்தேன். இலைப்பாக்கம் வடபெங்களூர். கைவாரம் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம். குவளாலம் கோலார். மாசந்தி மாலூர்ப் பக்கம். முரசு ஓசூர். பெண்ணையாண்டார் மடம், காவேரிப்பட்டினத்துக்கு அருகே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் பெண்ணேஸ்வரமடம். நந்திமலைச் சாரலில் தொடங்கி, பெண்ணையாறு ஓடிவரும் சரிவை ஒட்டியே பட்டியல் நீள்கிறது. அந்த ஆணையில் சோழன் வைத்த மண்டலப் பெயர் முகவரியாக இல்லை, மொழி எல்லையும் இல்லை. ஆட்சிக்கு வந்த புதியவன் மக்களைச் சென்றடைய நாடுகளின் பெயர்களைத்தான் நம்பினான்.

அதே சரிவில் இன்று வழக்கு நடக்கிறது. கோலார் மாவட்டத்தில் பிறந்து வேப்பனப்பள்ளி வழியாகப் பெண்ணையில் சேரும் மார்க்கண்டேய நதியின் குறுக்கே, யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. மாலூர், கோலார், பங்காரப்பேட்டைக்குக் குடிநீர் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் சில நாட்களில் மலைபோல் எழும் நுரை பெங்களூர்க் கழிவின் கணக்கு. குவளால நாட்டாரும் குந்தாணிக்காரர்களும் ஒரே ஆணையில் இருந்த காலத்திலும் தண்ணீர்ச் சண்டை இருந்திருக்கும். ஆனால் சண்டை போடுகிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறும் படிகள் முழங்காலைக் கேட்கும். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை கீழ்க்கோட்டையைத் தாண்டி மேலே ஏற முயன்று பாறைகள் உருட்டப்பட்டுத் திரும்பியது ஏன் என்பது பாதி வழியிலேயே புரிந்துவிடுகிறது. மேலே நின்றால் பெங்களூர், சென்னை, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் பிரியும் முடிச்சும், கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பும் தெரிகின்றன. பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகளின் சீமை. 1589இல் பெனுகொண்டாவைக் காத்ததற்காக விஜயநகர அரசு ஜெகதேவராயருக்குத் தந்த ஜாகீர் இது என்பார்கள். அவர் பெயரில் ஜெகதேவி என்ற ஊரும் கோட்டையும் கிழக்கே இருக்கின்றன. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று எண்ணத் தொடங்கினால், ஆளுக்கு ஆள் பட்டியல் மாறுகிறது. பன்னிரண்டு மட்டும் மாறுவதில்லை.

நகரத்துக்குள் அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. வில்லோடும் வாளோடும் நிற்கும் இந்த வீரர்களில் பலர் அரசர்களின் பெரும்போர்களில் சாகவில்லை. தொறுவை, அதாவது ஆநிரையை மீட்கப்போய்ச் செத்தவர்கள், புலியைக் குத்தி மாண்டவர்கள். இந்த வட்டாரத்துக் கற்களின் வாசகம் ஒரு முறையைப் பின்பற்றும்: அரசன் பெயர், ஆண்டு, பிறகு நாடு, ஊர், கடைசியில் இறந்தவன் பெயர். புறமலை நாடு, தகடூர் நாடு என்று இந்தப் பெயர்களைப் படிக்கிறோம். அண்டை நாட்டான் ஓட்டிப்போன மாட்டைத் திருப்பப் போனவனுக்கு எல்லை என்பது ஓலையில் இருந்த கோடு அல்ல. எந்தக் கரட்டைத் தாண்டினால் அடுத்தவன் நிலம் என்பது அவனுக்குத் தெரியும்.

1792இல் இங்கே வந்த கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அந்தக் கரடுகளையெல்லாம் அளந்தார்கள். வயலுக்கு வயல் சங்கிலி போட்டு, குடியானவனோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இந்த நிலத்தில்தான் உருவெடுத்தது. நாட்டார், ஊரார் என்று கூட்டாகப் பேசிய இடத்தில் தனித்தனிப் பட்டாதாரர் வந்தார். அதன் எழுத்துக் குவியல் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்று பின்னால் அச்சானது. பாளையங்களை வெல்லப் பீரங்கி தேவைப்பட்டது. நாடுகளைக் கரைக்கச் சங்கிலியே போதுமானதாக இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும் வழியில் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஓசூரைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. 2024இல் ஓசூருக்கு 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டப்பேரவையில் அறிவித்தபின் அந்தப் பேச்சுக்கு வேகம் கூடியிருக்கிறது. கேட்பதில் நியாயம் உண்டு. அஞ்செட்டிக் காட்டு ஊர்க்காரர் ஒரு கையெழுத்துக்காகக் கிருஷ்ணகிரி வரை வர வேண்டியிருக்கிறது. மாவட்டம் வந்தால் பெயர் வைக்கும் சண்டையும் வரும். மண்டலத்துக்கும் வளநாட்டுக்கும் வைத்த பெயர்கள் என்ன ஆயின என்பதை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது, ஆகவே அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. கோடு போடும்போது எந்த ஏரியின் வெள்ளம் எந்த ஏரிக்குப் போகிறது என்ற கணக்கை மேசைமேல் வைத்துக்கொண்டால் போதும். வல்லாளனின் எழுத்தர்கள் 1301இல் அந்தக் கணக்கு தெரிந்த பெயர்களுக்குத்தான் ஆணை எழுதினார்கள். 1799இல் எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை. அதன் விலையை இரண்டு மாநிலங்களும் வழக்குச் செலவாக இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன.